ஒளிப்படத் தேர்வுக்குப் பறவைகளை எடுக்கப் போகிறவர்களுக்கு

மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயிஸில் மாலை வகுப்பு ஒன்றில் ஒளிப்படம் படித்தேன். கடைசித் தேர்வு மூன்று பகுதி: எழுத்துத் தாள், நாமே தேர்ந்தெடுக்கும் தலைப்பில் பத்துப் படங்கள், அந்தப் பத்தையும் மேசையில் பரப்பி வைத்து ஒரு நேர்முகம். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு பறவைகள். முதல் முறை எழுத்துத் தாளில் நல்ல மதிப்பெண் வந்தது, படங்களில் தேறவில்லை. பத்தில் ஆறு படங்களுக்கு ஒரே குறிப்புதான்: கண் தெளிவாக இல்லை. அடுத்த முறை தேறினேன். இடைப்பட்ட மாதங்களில் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வகுப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடந்தது. சந்தேகம் கேட்டால் பதில் உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலில் வரும். 'டெப்த் ஆஃப் ஃபீல்ட்' என்பதற்கு விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்வேன். தோற்ற பிறகு அதையே தமிழில் எழுத உட்கார்ந்தேன், ஒரு வரி நகரவில்லை. நாலைந்து முறை அடித்துத் திருத்திக் கடைசியில் இப்படி வந்தது: "லென்ஸ் குவிந்திருக்கும் தளத்துக்கு முன்னும் பின்னும் நம் கண்ணுக்குத் தெளிவாகவே படுகிற பகுதியின் தடிமன்." உண்மையில் கூர்மையாக விழுவது ஒரே ஒரு தளம். அதிலிருந்து விலக விலகத் தெளிவு மெல்லக் குறைகிறது, எங்கும் கோடு கிழித்தாற்போல் நிற்பதில்லை. எழுத்துத் தாளில் இந்த ஒரு விஷயத்தைச் சேர்த்து எழுதுங்கள், புரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் தையல் டேப்பை எடுத்தேன். என் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு, லென்ஸ் 400 மில்லிமீட்டர், அதில் முழுத் திறப்பு எஃப் 5.6. (எஃப் எண் லென்ஸ் திறப்பைச் சொல்வது; எண் கூடினால் திறப்பு சுருங்கும்.) முற்றத்துச் சுவரின் மேல் டேப்பை என்னை நோக்கி நீளவாக்கில் விரித்து, 4 மீட்டர் தள்ளி நின்று, நடுவில் ஓர் எண்ணில் குவித்து எடுத்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டே இரண்டு சென்டிமீட்டர்தான் தெளிவு. கணக்குப் போட்டாலும் 2.2 வருகிறது. 8 மீட்டருக்குப் பின்வாங்கினால் 9 சென்டிமீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் தடிமன் நான்கு மடங்கு. எஃப் எண்ணை 5.6இலிருந்து 11 ஆக்கினாலோ இரண்டு மடங்குதான் கூடும், அதற்கு நான்கில் மூன்று பங்கு ஒளியை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த ஒரு மாலை, நான் படித்த எல்லாப் பக்கங்களையும் விட அதிகம் சொல்லிக் கொடுத்தது. தயவுசெய்து நீங்களும் செய்து பாருங்கள்.

என் ஆறு படங்கள் ஏன் கெட்டன என்பது அப்போதுதான் விளங்கியது. அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுக் கொய்யாவில் உட்கார்ந்த செம்மீசைச் சின்னான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை, இங்கே 'கோந்தே' என்பார்கள். அது நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா அலகு நுனியைப் பிடித்துக்கொண்டது. இருக்கும் 2.2 சென்டிமீட்டரில் பாதி அலகுக்கு முன்னால் காற்றில் வீணானது, மீதிப் பாதி கண் வரை எட்டவில்லை. முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு தெளிவு கிடைக்கும் என்றொரு சூத்திரம் சொல்வார்கள். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் இவ்வளவு கிட்டத்தில் அது பொருந்தாது, ஏறக்குறைய சரிபாதிதான். அந்தச் சூத்திரத்தை நம்பி விடை எழுதாதீர்கள்.

இன்னும் இரண்டு படங்கள் வேறு வகையில் கெட்டவை. தெளிவு போதவில்லை என்று பயந்து பிளாக் ரிவர் கார்ஜஸ் காட்டுக்குள் எஃப் 11 வைத்தேன். மர நிழலில் 1/500 நொடி ஷட்டர் வேகம் கிடைக்க வேண்டிய இடத்தில் 1/125 தான் கிடைத்தது. குருவி தலையைத் திருப்பியது, படம் இழுபட்டுவிட்டது. அதனால் என் தீர்மானமான கருத்து: பறவைக்கு எஃப் எண்ணைக் கூட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழி பறவையின் பக்கவாட்டுத் தோற்றம். அது பக்கவாட்டில் திரும்பி நின்றால் அலகு, கண், கழுத்து, இறக்கை எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் வந்துவிடும், 2 சென்டிமீட்டரே நிறையச் செய்யும். அடுத்த வழி பின்வாங்குவது. 8 மீட்டரில் எடுத்து, பிறகு கணினியில் ஓரங்களை வெட்டி அதே அளவுக்குப் பெரிதாக்கினாலும் 4 மீட்டரில் கிடைப்பதைப் போல இரு மடங்கு தடிமன் மிஞ்சும். ஏ4 அளவு அச்சுக்கு அந்த வெட்டு தாங்கும்.

இதை ஈல் ஓ எக்ரெத்தில் சோதித்தேன். மாஹேபூர் பக்கம் படகேறிப் போகும் சின்னப் பவளப் பாறைத் தீவு, 1965 முதல் பாதுகாக்கப்பட்ட இடம், வழிகாட்டியுடன் மட்டுமே நடக்கலாம். அங்கே இளஞ்சிவப்புப் புறா உண்டு. 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் அளவுக்குக் குறைந்து, மனிதர் கை கொடுத்து மீண்ட இனம். ஒன்று தாழ்ந்த கிளையில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கை துறுதுறுத்தது, அழுத்தவில்லை. கண் மேல் ஒற்றைக் குவியப் புள்ளியை வைத்தபடி நின்றேன். வழிகாட்டி, "அவசரப்படாதீங்க தம்பி, அது போகாது" என்றார். கொஞ்ச நேரத்தில் புறா கழுத்தை நீட்டி, அலகால் தோள் இறகைக் கோதத் திரும்பியது. கண்ணைச் சுற்றிய சிவப்பு வளையமும் கோதிய இறகின் ஓரமும் ஒரே தளத்தில் வந்த அந்தக் கணத்தில் நான்கு படம் எடுத்தேன். எஃப் 5.6, 1/800. இரண்டாம் முறை பத்துப் படங்களில் முதலில் வைத்தது அதைத்தான்.

எல்லாப் பறவைக்கும் இந்தக் கவலை வேண்டாம். பள்ளத்தாக்கின் மேல் பறக்கும் பாய்-ஆன்-கே (நீண்ட வால் கொண்ட வெள்ளைக் கடற்பறவை) 60 மீட்டர் தொலைவில் இருந்தால் அதே எஃப் 5.6இல் தெளிவின் தடிமன் 5 மீட்டர். அங்கே பார்க்க வேண்டியது வேகம், 1/2000க்குக் குறையக் கூடாது. வெள்ளைப் பறவை, பின்னால் இருண்ட காடு என்றால் கேமரா ஏமாந்து இறகுகளை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது ஒளியைப் பாதியாக்குங்கள். அதே பறவை வெளிர் வானத்தில் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மேனுவல் மோடில் எஃப் எண்ணையும் வேகத்தையும் நீங்கள் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவைத் தானியங்கியாக விட்டால் வேலை சுலபம்.

அக்டோபர் முதல் மார்ச் வரை தெர் ரூஜ் கழிமுகத்துக்கு வடக்கிலிருந்து உள்ளான்கள் வரும். கோடியக்கரைக்கு வரும் வகைகள் இங்கும் உண்டு. கூட்டமாக எடுக்க ஆசை வரும். இரண்டு மூன்று பறவைகள் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் வரிசைப்படும் வரை காத்திருங்கள். அப்படி அமையாவிட்டால் மட்டும் எஃப் 8.

நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முக்கியமான கேள்வி: "பறவை படத்தில் அதே அளவு தெரிய வேண்டும். 400 மில்லிமீட்டர் லென்ஸில் 8 மீட்டரில் எடுப்பதற்குப் பதில் 200இல் 4 மீட்டரில் எடுத்தால் தெளிவின் தடிமன் கூடுமா?" கூடாது. எஃப் எண் மாறாமல் 5.6 ஆகவே இருந்தால் இரண்டிலும் 9 சென்டிமீட்டர்தான். மாறுவது பின்னணி. 400இல் பின்னணியின் சிறு துண்டு மட்டுமே பெரிதாகி வருவதால் இலைகள் கரைந்து ஒரே நிறமாகும், 200இல் கிளைகள் எட்டிப் பார்க்கும். டேப்பை வைத்து இதையும் செய்து பார்த்திருந்ததால் தயங்காமல் சொன்னேன்.

படங்களைத் திரையில் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏ4இல் அச்சிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தூரம், எஃப் எண், வேகம் மூன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். என் தேர்வாளர் புறாப் படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்டது, "எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்?"