அடி உடையாமல் வெட்டுவது

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வாயில் அது விஸ்காம். இரண்டாம் ஆண்டில் ஆவணப்பட வேலை ஒன்று உண்டு. வழக்கமாக மாணவர்களே தலைப்பு எடுத்து, படம் பிடித்து, வெட்டி ஒட்டி, வகுப்பில் போட்டுக்காட்டி மதிப்பெண் வாங்கிக்கொள்வார்கள். படத்தில் வந்தவர்கள் அதைப் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. இப்போது எங்கள் துறையில் ஏற்பாடு வேறு. ஊர் இளைஞர் கலைக்குழு ஒன்றோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். பறையோ சிலம்பமோ ஒயிலாட்டமோ, எதுவும் சரி. முதல் வெட்டை, அதாவது முதல் தடவை வெட்டி ஒட்டிய படத்தை, அந்தக் குழுவுக்குப் போட்டுக்காட்ட வேண்டும். அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்திய பிறகுதான் படம் வகுப்புக்கு வரும்.

2025-ல் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு, பறை எடுக்கிறோம் என்று வருகிற மாணவர்கள் கூடிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் கொண்டுவரும் திரைக்கதையைப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்திலேயே தீ, அதன் மேல் ஸ்லோமோஷனில் பறை, பின்னால் சோகமான புல்லாங்குழல், “அழிந்துவரும் நம் கலை” என்று கனத்த குரலில் ஒரு வசனம். நான் அதை அடித்துத் திருத்துவதில்லை. குழுவிடம் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன்.

ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். மில் வேலைக்குப் போகிறவர்கள், ஐடிஐ படிக்கிறவர்கள், உணவு டெலிவரி செய்கிறவர்கள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பேர். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் படிப்பகத்துக்குப் பக்கத்தில் கூடுவார்கள். திரைக்கதையை வாசித்துக் காட்டியதும் ஒரு பையன் கேட்டான்: “அழிஞ்சுக்கிட்டு வருதா? சித்திரை மாசம் முழுக்க எங்களுக்குத் தேதி இல்லைங்க.” அந்த ஒரு வரியில் வசனம் போயிற்று. அடுத்து தீ. குழுவில் பாதிப் பேர் அடிப்பது ஃபைபர் பறை. அதைத் தீயில் காய்ச்ச வேண்டியதே இல்லை. மழைக்காலத்திலும் சத்தம் இறங்காது, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம். மாணவர்கள் தோல் பறையை மட்டும் எடுக்க ஆசைப்பட்டார்கள். “ரெண்டும் எங்க பறைதான். ஒண்ண ஒளிச்சு வெச்சு எடுத்தா அது நாங்க இல்லையே” என்றார் அந்தக் குழுவின் ஆசான்.

தோல் பறை காய்ச்சுவதையும் எடுத்தார்கள், ஆனால் ஆசான் சொன்ன விதத்தில். வேப்பமரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல் ஈரக்காற்றில் தொய்ந்துபோகும். வைக்கோலைக் கொளுத்தி அதில் காட்டுவார்கள், எடுத்துத் தட்டுவார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள், மறுபடி காட்டுவார்கள். சூடு அதிகமானால் தோல் கிழிந்துவிடும். பார்க்க வேண்டியது நெருப்பை அல்ல, கேட்கிற முகத்தை. அந்த ஷாட்டை வெட்டாமல் முழுசாக வைத்தார்கள். மந்தமாக இருந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கணீரென்று ஆவது அந்த ஒரே ஷாட்டில் கேட்கும்.

ஒலிப்பதிவுக்கு நான் எவ்வளவு பாடம் நடத்தினாலும் பறைக்கு முன்னால் நிற்கும்போதுதான் அது மண்டையில் ஏறுகிறது. ஒரு மாணவி, ஆசான் மட்டும் தனியாகத் தட்டியபோது ரெக்கார்டரின் ஒலியளவைச் சரிசெய்து வைத்தாள். பத்துப் பேர் சேர்ந்து அடித்ததும் பதிவு முழுக்கப் பிளந்துவிட்டது. பிளந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுசாக மீட்காது. துணைக்கு வைத்திருந்த செல்போன் பதிவு இன்னும் மோசம். சத்தம் கூடினால் செல்போன் தானாகவே அளவைக் குறைக்கும், அடங்கினால் தானாகவே ஏற்றும். அதனால் அடிக்கு அடி ஒலி மூச்சு வாங்குவது போலக் கேட்டது. போதாக்குறைக்கு கான்கிரீட் கொட்டகையின் எதிரொலி. குழுவே வழி சொன்னது: “களத்துக்கு வாங்க, சுவரே இல்லாம அடிக்கலாம்.” மறுநாள் களத்தில் எல்லாரையும் முழு வேகத்தில் அடிக்கவைத்து, அதற்கு அளவு வைத்து, இன்னும் சத்தம் ஏறினாலும் பிளக்காதபடி மேலே கொஞ்சம் இடமும் விட்டுப் பதிவு செய்தார்கள். அந்த மாணவிக்கு இனி எந்த விரிவுரையும் தேவையில்லை.

குச்சிகளின் அசைவு இன்னொரு பாடம். வலது கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி, இடது கையில் நீண்ட மெல்லிய மூங்கில் சுண்டுக்குச்சி. இரவில் எடுத்தால் சுண்டுக்குச்சி வெறும் புகைபோலத் தெரிகிறது. ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கு ஏற்றினால் குச்சி தெளிகிறது, ஆனால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தரம் மினுங்கும். அந்த வெளிச்சத்தில் 1/50 அல்லது 1/100 தான் ஒத்துவரும். குச்சியைத் தெளிவாகக் காட்ட வேண்டுமானால் காலை வெயிலுக்குத்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கத்தை விட்டுக் குழுவும் வந்தது, மாணவர்களும் வந்தார்கள்.

இனி முதல் வெட்டு. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் உயிரே அந்தச் சாயங்காலம்தான். படிப்பகத்து டிவியில் மடிக்கணினியை மாட்டிப் போட்டார்கள். முதல் ஒரு நிமிடம் ஒருவரை ஒருவர் காட்டிச் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். ஒரு பையனின் கால் படத்தில் வரும் அடிக்கு ஏற்பத் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கால் நின்றது. “இங்க அடி உடையுது” என்றான்.

எடிட் செய்த மாணவனுக்குப் புரியவில்லை. ஒலியலையின் உச்சியைப் பார்த்துத்தான் வெட்டியிருந்தான். எல்லா வெட்டும் சத்தமான அடியில்தான் விழுந்திருந்தது. ஆனால் தாளச் சுற்றின் நடுவில் விழுந்திருந்தது. அந்தப் பையன் அடியை வாயால் சொல்லிக்கொண்டே வந்து, சுற்று முடிகிற இடத்தில் மேசையைத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் டைம்லைனில் ஒரு மார்க்கர் போட்டுக்கொண்டே போனான் என் மாணவன். அதன் பிறகு மார்க்கர் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டினார்கள். பறை அடி வகைகளில் சப்பரத்தடி எங்கே திரும்புகிறது, டப்பா அடி எங்கே முடிகிறது என்று இன்று அவனைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. குழுவில் ஒரு பெண், ப்ளஸ் டூ முடித்தவள், நன்றாக அடிப்பாள். அவளுடைய பேட்டியை மாணவர்கள் உருக்கமாக வெட்டியிருந்தார்கள்: பெண் பறை அடிக்கலாமா என்று ஊர் கேட்டது, வீட்டில் அழுதார்கள், அவள் மீண்டு வந்தாள். பார்த்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: “பொண்ணுங்க அடிக்கலாமான்னுதான் வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. நான் எப்படி அடிக்கிறேன்னு ஒருத்தரும் கேக்கலையே?” மாணவர்கள் அந்தப் பேட்டியைத் தூக்கிவிட்டு மறுபடி போனார்கள். இந்த முறை அவள் மணிக்கட்டு, தோளில் தொங்கும் வார், கால் அடவு, புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முறை. ஊர் பேசியது ஒரு வரியாக, அவள் சொன்ன இடத்தில் மட்டும் வந்தது.

சாவுக்கு அடிப்பது பற்றிய கேள்வியும் அப்படித்தான். சாதியைச் சொல்லி ஊர்வேலையாகத் திணிக்கப்பட்டதை மறுத்த வரலாறு பறைக்கு உண்டு. மேடைக்கு வந்த பிறகும் கேமராக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். குழு அதை மறைக்கவில்லை. “அதை நாங்க சொல்றோம், நீங்க கேட்டு நாங்க பதில் சொல்ற மாதிரி வேணாம்” என்றார்கள். ஆசானே தன் பேச்சில், தன் இடத்தில் அதைச் சொன்னார். மாணவர்கள் சமூகவியல் தாளில் படித்த பல பக்கங்கள் அந்த நிபந்தனையில் இருந்தன.

இப்படிப் போட்டுக்காட்டித் திருத்துவது நான் கண்டுபிடித்ததல்ல. 1967-ல் கனடாவின் ஃபோகோ தீவில் ஆவணப்பட இயக்குநர் காலின் லோ மீனவர்களைப் படமெடுத்தபோது, எடுத்ததை அந்த மக்களுக்கே திரையிட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே காட்டினார். தெலங்கானாவின் பஸ்தாபூரில் எழுதப் படிக்கத் தெரியாத தலித் விவசாயப் பெண்களே கேமராவைத் தூக்கித் தங்கள் விதைகளையும் வயல்களையும் பல ஆண்டுகளாக எடுத்துவருகிறார்கள். அவர்களுடைய பெண்கள் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே மட்டத்தில் தரையில் உட்காருவதுபோல், கேமராவையும் பேசுகிறவரின் கண்மட்டத்தில் வைப்பது அவர்கள் வழக்கம். படிப்பகத்தில் எடுத்த பேட்டிகளுக்கு ஸ்டாண்டைத் தாழ்த்தித் தரையோடு வைக்கச் சொன்னேன். மாணவர்களும் தரையில் உட்கார்ந்துதான் கேள்வி கேட்டார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் துறைக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. வெளியாட்கள் சொல்லி வெட்டினால் அது மாணவனின் படைப்பா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. முதல் வெட்டுக்கும் கடைசி வெட்டுக்கும் இடையே என்ன மாறியது, ஏன் மாறியது என்று மாணவன் எழுதித்தர வேண்டும், மதிப்பெண்ணில் பெரும்பங்கு அதற்கு என்று வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களை வாசித்தால் யார் கற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்துவிடும்.

குழு எங்களிடம் உண்மையில் கேட்டது ஆவணப்படத்தை அல்ல. அது இருக்கட்டும், எங்களுக்குப் பயிற்சி வீடியோ வேண்டும் என்றார்கள். புதிதாக வரும் சிறுபிள்ளைகள் வீட்டிலிருந்து பார்த்துப் பழக, ஒவ்வொரு அடியும் முதலில் மெதுவாக, பிறகு முழு வேகத்தில். இதில் ஒரு சிக்கல் வந்தது. எதிரே நின்று எடுத்தால் அடிப்பவரின் வலது கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும். பிள்ளைகள் குச்சிகளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு தடுமாறினார்கள். அந்தப் பெண்தான் யோசனை சொன்னாள்: “என் தோளுக்குப் பின்னாடி நின்னு எடுங்க, நான் பாக்குற மாதிரியே அவங்களும் பாக்கட்டும்.”

எந்த வீடியோவை யூடியூபில் ஏற்றுவது, எது குழுவின் வாட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரும் காட்சிகளுக்குப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினோம். அதில் ஒரு அம்மா மறுத்ததால் அந்தக் காட்சி போய்விட்டது. இந்தப் பருவத்து மாணவர்கள் சப்பரத்தடி வீடியோவை மறுபடி எடுக்கப் போகிறார்கள். தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்ததில் கை நன்றாகத் தெரிகிறது, கால் அடவு ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது என்று குழு சொல்லியிருக்கிறது. இரண்டு கேமரா வைக்க முடியுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.