தலை நீட்டும் பிள்ளைகள்

கென்யாவின் நரோக், கஜியாடோ பக்கம் மாடு மேய்த்து வாழும் மாசாய் இன ஊர்க்காரர்களே கூடி நடத்தும் தொடக்கப் பள்ளிகளை நினைத்தாலே மனசு நிறைகிறது. மாசாய் பிள்ளைகள் பெரியவரைக் கண்டால் தலையைக் குனிந்து நீட்டுவார்கள். அவர் உச்சந்தலையைத் தொட்டு வாழ்த்துவார். அந்தப் பழக்கம் வகுப்பறை வாசலோடு நின்றுவிடக் கூடாது.

2003-இல் அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் நின்றது. சரி, பணக் கவலை குறைந்தது. மழை பொய்த்தால் மேய்ச்சல் தேடி மாட்டோடு கிளம்பும் பையன் எப்படி வருவான்? அந்தக் கஷ்டம் ஊர்ப் பள்ளிக்குத்தான் புரியும். முதல் மூன்று வகுப்பில் தாய்மொழிக்குப் பாடத்திட்டத்திலேயே இடமுண்டு. முதலில் மாசாய் மக்கள் பேசும் ‘மா’ மொழி, அப்புறம் சுவாஹிலி, ஆங்கிலம். மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழி இந்த ‘மா’. அந்தப் பெயர்களும் கரும்பலகையில் ஏறட்டும்.