சிவப்பா, பச்சையா?

இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, பால் வாங்கப் போனேன். கடை வாசலிலேயே நெடி மூக்கில் ஏறியது.

பெரிய கம்பிவலை உருளை ஒன்று சுழல்கிறது. பக்கத்தில் கேஸ் நெருப்பு சீறுகிறது. உள்ளே மூட்டை மூட்டையாய்ப் பச்சை மிளகாய். தோல் கருகி, வெடித்து, உரிந்து பறக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் இருமிக்கொண்டே சிரிக்கிறார்கள். சுட்ட மிளகாயைச் சூடாகவே பையில் போட்டுக் கட்டித் தருகிறார்கள். அந்த ஆவியிலேயே மிச்சத் தோலும் கழன்றுவிடுமாம்.

ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் எங்கு போனாலும் இந்த வாசம்தான். உணவகத்தில் உட்கார்ந்ததும், எந்த மிளகாய் சாஸ் வேண்டுமென்று "சிவப்பா, பச்சையா?" என்பார்கள். அது மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி!

நான் டிராவல் நர்ஸ், ஊர் ஊராய்ப் போய்த் தற்காலிகமாக வேலை பார்க்கும் செவிலியர். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். பாதி நாள் மருந்து அறை எங்கே, லாக்கர் எங்கே என்பதிலேயே போய்விடும். ஆனால் 12 மணி நேர ஷிஃப்டுகளை அடுத்தடுத்துக் கேட்டு வாங்கினால் சேர்ந்தாற்போல் சில நாள் ஓய்வு கிடைக்கும். அப்படித்தான் ஒயிட் சாண்ட்ஸ் என்ற மணல்வெளிக்குப் போனேன். 2019-இல் தேசியப் பூங்கா ஆன இடம். உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடந்தேன், சுடவில்லை. அது ஜிப்சம் மணல், சாதாரண மணல்போல் சூடேறாது.

செருப்பைக் கழற்றச் சொன்னவர் என் நோயாளி ஒருவர்.

ஊர் சுற்ற இப்போதெல்லாம் செயலிகளை நம்புவதில்லை. டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஒரு பாட்டி சொன்ன சாப்பாட்டுக் கடைகள் எதுவும் இணையத்தில் இல்லை. எல்லாவற்றிலும் கூட்டம்!