ரைட்டு, போலாம்

எங்க பாப்பா தெளிவா சொன்ன முதல் வார்த்தை அம்மாவும் இல்ல அப்பாவும் இல்ல. "ஐட்டு." அதாவது ரைட்டு. அவளுக்கு டவுன் சிண்ட்ரோம், பொறக்கும்போதே இருக்குறது. கடலூர்லேர்ந்து பாண்டிக்கு வாரத்துல ரெண்டு நாள், பிசியோவுக்கும் ஸ்பீச் தெரபிக்கும்னு ரெண்டரை வருஷம் பஸ்லயே போயி வந்தோம், அவ காதுல அதிகமா விழுந்த வார்த்தை அதுதான் போல. ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஒவ்வொரு ஸ்டாப்லயும் கண்டக்டர் கத்துவாரு, இவ என் மடியில உக்காந்து அவரு வாயையே பாத்துட்டு இருப்பா.

அந்த பஸ்லதான் எனக்கு பாதி கவுன்சிலிங்கே நடந்துச்சு, நான் கேக்காமலே. "எப்பம்மா சரியாவும்?"னு ஒருத்தங்க கேப்பாங்க. இன்னொருத்தங்க வசம்பை சுட்டு நாக்குல தடவு, பேச்சு வந்துடும்பாங்க. மொதல்ல எல்லாம் உக்காந்து விளக்கம் சொல்வேன். எல்லாருக்கும் 46 குரோமோசோம், இவளுக்கு 47, 21-ஆவது மட்டும் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்கு, அது உடம்புல இருக்குற ஒவ்வொரு செல்லுலயும் இருக்கு, இதுக்கு மருந்து கெடையாது, இது நோயே கெடையாதுக்கான்னு. அவங்களும் எல்லாத்தையும் கேட்டுட்டு "பாவம், சரியாயிடும்மா"ன்னுட்டு இறங்கிடுவாங்க. அப்பறம் நானே விட்டுட்டேன், "ஆவும்க்கா"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்.

அவ பொறந்த ஆஸ்பத்திரியில எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. என் வீட்டுக்காரர காரிடாருக்கு கூப்ட்டு சொல்லிட்டாங்க, அவரு மூணு நாள் எங்கிட்ட மறைச்சாரு, நான் என்னடான்னா பால் பத்தலன்னுதான் குழந்தை சப்ப மாட்டேங்குதுன்னு அழுதுட்டு கெடந்தேன். உடம்பே தொளதொளன்னு இருக்கும், தூக்குனா கை வழியா வழிஞ்சிடுமோன்னு பயமா இருக்கும். தசைக்கு இறுக்கம் கம்மி, அதான் சப்ப முடியலன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், என்னை நானே திட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்.

அத்தை ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. "கிரகணத்தன்னிக்கு வெளிய போயிருப்ப." எனக்கு அப்ப 26 வயசு. வயசான அம்மாக்களுக்கு வாய்ப்பு அதிகம்ங்கறது உண்மைதான், ஆனா சின்ன வயசுலதான நெறைய பேரு பிள்ளை பெத்துக்கறாங்க, அதனால இந்த மாதிரி குழந்தைங்கள்ல பெரும்பாலும் சின்ன வயசு அம்மாக்களுக்கு பொறந்ததுதான்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்கே தெரியும். யார் தப்பும் இல்ல. அத அத்தைகிட்ட சொல்லி சண்டை போட எனக்கு அன்னிக்கு தெம்பு இல்ல.

ஹார்ட்ல ஓட்டை இருந்துச்சு, இந்த குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஏதாவது ஹார்ட் பிரச்சனை இருக்குமாம். எட்டு மாசத்துல ஜிப்மர்ல ஆபரேஷன் ஆச்சு. அத பத்தி இன்னொரு நாள் எழுதறேன், இப்ப வேணாம். ஆனா புதுசா குழந்தை பொறந்து இத படிக்கிறவங்க எக்கோவ, அதான் ஹார்ட் ஸ்கேன, தள்ளிப் போடாதீங்க, வருஷா வருஷம் தைராய்டு பாருங்க, முக்கியமா காது. நாங்க காதுலதான் ஏமாந்துட்டோம். கூப்ட்டா திரும்ப மாட்டா, புரியலன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம், பாத்தா செவிப்பறைக்கு பின்னாடி நீர் கட்டி பாதி சத்தம் அவளுக்கு போயே சேரல.

பேச்சுக்கு தெரபி மிஸ் குடுத்ததெல்லாம் பாத்தா விளையாட்டு மாதிரி இருக்கும். உதட்டு ஓரத்துல தேன் தடவி நாக்கால எடுக்கச் சொல்றது, ஸ்ட்ரால உறியறது, மெழுகுவத்திய ஊதறது. இவங்களுக்கு வாய் சின்னது, நாக்கு தசை தளர்வு, அதனால நாக்கு வெளிய வந்து நிக்கும், வசம்பு தடவி என்ன பண்றது. அந்த வருஷம் தேவனாம்பட்டினத்துல மாசி மகத்துக்கு போனப்ப அவங்க அப்பா கடையில ஒரு சேப்பு விசில் வாங்கிக் குடுத்தாரு. அஞ்சு மாசம். தெனம் ராத்திரி விசில வாயில வெச்சுட்டு உக்காருவா, எச்சில்தான் வழியும், சட்டையெல்லாம் நனையும், நான் தொடைச்சு தொடைச்சு விடுவேன். ஒரு நாள் கரண்ட் போச்சு, இருட்டுல எங்கியோ "பீ"ன்னு ஒரு சத்தம். நாங்க பக்கத்து வீட்டு பையன்னு நெனச்சோம்! செல்போன் லைட் அடிச்சு பாத்தா இவ.

ஸ்கூல் கதை தனி. ஒரு ஸ்கூல்ல "மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க மேடம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, ஒண்ணும் பேசாம வந்துட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவள சேத்துக்கணும்னு சொல்லுதுன்னு அன்னிக்கு எனக்கு தெரியாது, தெரிஞ்சிருந்தா வாயாடியிருப்பேன். இப்ப வீட்டுக்கு பக்கத்துல கவர்மெண்ட் ஸ்கூல்ல ரெண்டாவது படிக்கிறா. டீச்சர் அவள முன்னாடி உக்கார வெச்சிருக்காங்க, கேள்வி கேட்டுட்டு பத்து எண்ணுற வரைக்கும் வெயிட் பண்றாங்க. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, அவங்களா பண்றது. நிறைய பேரு என்னைத்தான் கேப்பாங்க, "பாப்பா என்ன சாப்டும்?"னு, அவ பக்கத்துலயே நின்னுட்டு இருப்பா. அவளையே கேளுங்க, கொஞ்சம் நேரம் எடுக்கும், பதில் வரும்.

இப்ப எங்க வீட்டுல விசில் இல்லாம வண்டி நகராது. ரெண்டு விசில்னா கிளம்பணும், ஒரு விசில்னா நிக்கணும், அதுல கரெக்டா இருப்பா. மதியான தூக்கம் போகுதுன்னு மாடி வீட்டுக்காரங்க கம்ப்ளெயிண்ட் பண்ணி, நான் ஃபிரிட்ஜ் மேல ஒளிச்சு வெச்சு, அவ நாற்காலி போட்டு எடுத்துட்டா.

போன ஞாயித்துக்கிழமை பாடலீஸ்வரர் கோயிலுக்கு கிளம்பினோம். ஆட்டோ ஸ்டார்ட் ஆயிடுச்சு, இவ ஒரே ஒரு விசில் ஊதிட்டு கைய நீட்டி மறிச்சுட்டா. ஆட்டோ அண்ணன் என்னை பாக்குறாரு, நான் அவள பாக்குறேன். "என்னடி?"ன்னா வாசல காட்டுறா.

"ஆயா ஏ... ஏல்ல."

அத்தை உள்ள பூட்டு தேடிட்டு இருந்தாங்க. செருப்ப மாட்டியும் மாட்டாமலும் ஓடி வந்து, "இருடி கண்டக்டரம்மா, ஏறிட்டேன்"னு மூச்சு வாங்க உக்காந்தாங்க. அப்பறம்தான் ரெண்டு விசில்.