மூடாத எல்லைக்கோடு: ஃபீல்ட் புக் கோணங்களை ஆட்டோகேட்டில் ஏற்றிய அனுபவம்

நேற்றுத்தான் நான் வரைந்த காணிப் பிளானை ஏற்றுக்கொண்டார்கள். பட்ட பாடு மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆட்டோகேட்டில் லிஸ்ப் ஃபைலை (வரைகிற வேலையைத் தானாகச் செய்யும் சின்ன புரோகிராமை) வைத்துச் சர்வே கோடு வரைகிற யாருக்காவது ஒரு பஸ் பயணமாவது மிச்சமாகட்டும்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தை (தொழிலாளர்களின் வரிசை வீட்டை) விட்டுத் தனி வீட்டுக்குப் போகப்போகிற குடும்பங்களுக்குத் தலா 7 பேர்ச் காணி. அளந்தவர் சர்வேயர் சேர், வரைகிறவன் நான். 7 பேர்ச் என்பது 177 சதுர மீட்டர்தான். அந்தச் சரிவில் கோடு அரை மீட்டர் தள்ளிப்போனால் ஒரு வீட்டின் வடிகான் பக்கத்து வீட்டுக்காரர் காணிக்குள் போய்விடும். பரம்பரையாகத் தங்கள் பெயரில் ஒரு துண்டு நிலம் இல்லாமல் இருந்தவர்களின் எல்லை இது. அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

எங்களிடம் இருந்த லிஸ்ப் ஃபைல், எனக்கு முன் வேலை பார்த்து இப்போது கட்டாருக்குப் போய்விட்ட அண்ணன் ஒருவர் எங்கிருந்தோ எடுத்து வைத்தது. பாகை, நிமிடம், செக்கன், நீளம் கொடுத்தால் கோடு விழும். ஃபைலை லோட் பண்ணுவது, டேட்டாவை ஏற்றுவது எல்லாம் சுலபம். முதல் தடவை ஓட்டியதுமே வடிவம் அழகாக வந்தது. சேர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓடை ஏன் மேற்கால போகுது?" என்று கேட்டார். ஓடை அந்தக் காணிக்குத் தெற்கே.

சர்வேயில் கோணம் வடக்கிலிருந்து கடிகாரம் சுற்றுகிற பக்கமாக ஏறும். ஆட்டோலிஸ்ப் என்பது லிஸ்ப் ஃபைல் எழுதும் மொழி; கோணமும் நீளமும் கொடுத்தால் அடுத்த புள்ளியைத் தரும் அதன் போலார் ஃபங்ஷனுக்குச் சுழியம் கிழக்கு, ஏறுவது எதிர்ப்பக்கமாக, அதுவும் ரேடியனில். ஆட்டோகேட்டின் யூனிட்ஸ் செட்டிங்கில் போய் வடக்கைச் சுழியமாக்கி, கடிகாரத் திசையையும் டிக் போட்டு வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கையால் டைப் பண்ணும் கோணத்துக்கு அது சரி. போலார் அந்த செட்டிங் எதையும் கணக்கில் எடுப்பதில்லை. 90-இலிருந்து சர்வே கோணத்தைக் கழித்து, பையால் (π) பெருக்கி, 180-ஆல் வகுத்துத்தான் கொடுக்க வேண்டும். 124° 35' 20" என்றால் 90 − 124.5889 = −34.5889, ரேடியனில் −0.6037. மைனஸ் வந்தால் பயப்பட வேண்டாம், போலார் ஏற்றுக்கொள்ளும்.

இதில் ஆபத்து என்னவென்றால், கழிக்காமல் விட்டாலும் எல்லை மூடும் (கடைசிக் கோடு தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும்), பரப்பும் துல்லியமாக வரும். வடக்கும் கிழக்கும் இடம் மாறி, கண்ணாடியில் பார்த்தது போல முழு வடிவமும் புரண்டிருக்கும், அவ்வளவுதான். எந்தக் கணக்குச் சோதனையிலும் இது பிடிபடாது. ஓடை, ரோட்டு, ஒரு பெரிய மரம், ஏதாவது ஒன்று எந்தப் பக்கம் என்று தெரிந்தவர் பார்த்தால்தான் உண்டு.

அதைத் திருத்தி, பிரிண்ட் எடுத்து, கொடுக்க வேண்டிய ஆபீசுக்குப் போனேன். நானுஓயா தாண்டியதும் மழை. சுருட்டிய தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். உள்ளே கொடுத்த பிளான் மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வந்தது. "எல்லை மூடல்ல, திருத்திட்டு வாங்க" என்றார் கவுண்டரில் இருந்த அதிகாரி. எந்த மூலை சேர் என்று கேட்டேன். "அது நீங்க பாக்கணும்." அவர் மேசையில் இருந்த பிளானின் மற்றக் கொப்பியில் ஒரு மூலையில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. அதைத் திருப்பிக் காட்ட அரை நிமிடம் ஆகாது. காட்டவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கோடாக லிஸ்ட் கொமாண்ட் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கோணமும் ஃபீல்ட் புக்கில் (சேர் அளவெழுதிய புத்தகத்தில்) இருப்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் பாகை வரைக்கும்தான். கோணத்தின் பிரிசிஷன் 0-இல் இருந்தால் நிமிடமும் செக்கனும் திரையில் வராது. அதை 4 ஆக்கியதும் விஷயம் வெளியே வந்தது. 124° 35' 20" என்று இருக்க வேண்டிய கோடு 124° 0' 0". அடுத்தது 211° 0' 0". அதற்கடுத்ததும் அப்படித்தான். காணியின் எல்லாப் பக்கங்களிலும் நிமிடமும் செக்கனும் காணாமல் போயிருந்தன.

காரணம் அந்த ஃபைலில் விடுபட்ட ஒரு தசமப் புள்ளி. நிமிடத்தை 60-ஆல் வகுக்கிறது. ஆட்டோலிஸ்ப்பில் இரண்டும் முழு எண்ணாக இருந்தால் விடையும் முழு எண்தான், மீதி போய்விடும். 35-ஐ 60-ஆல் வகுத்தால் 0. 60.0 என்று எழுதியிருந்தால் 0.5833. செக்கனுக்கும் 3600.0 என்று போட வேண்டும். 35' 20" தொலைந்தால் 50 மீட்டர் கோட்டின் முனை அரை மீட்டர் விலகும். எரர் என்று ஒரு வரிகூட வராது.

அப்புறமும் ஒரு மூலை மட்டும் இடறியது. அது ஓஸ்னாப், அதாவது புள்ளியைப் பக்கத்துக் கோட்டின் முனையில் தானாக ஒட்டவைக்கும் வசதி. லிஸ்ப் லைன் கொமாண்டைக் கூப்பிடும்போது எண்ட்பொயிண்ட் ஸ்னாப் ஓனில் இருந்தால், கொடுத்த புள்ளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். தூரத்தில் ஸூம் பண்ணி வைத்திருந்தால் இன்னும் மோசம். 7 பேர்ச் காணிகளில் எல்லைக் கல்லுக்குக் கல் கிட்டக்கிட்ட இருப்பதால் இது கட்டாயம் நடக்கும். ஓட்டுமுன் எஃப்3 அழுத்தி ஸ்னாப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஃபைலிலேயே ஓஸ்மோடை (ஸ்னாப் செட்டிங்கின் எண்ணை) 0 ஆக்கி, முடிந்ததும் பழைய எண்ணைத் திருப்பிக் கொடுங்கள்.

வேறு டோட்டல் ஸ்டேஷனிலிருந்து (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவியிலிருந்து) டேட்டா வந்தால் இதையும் பாருங்கள். 124.3520 என்று வருவது தசமப் பாகையாக இல்லாமல் 124 பாகை 35 நிமிடம் 20 செக்கனாக இருக்கலாம். புள்ளிக்குப் பின் முதல் இரண்டு இலக்கம் எங்கேயும் 60-ஐத் தாண்டவில்லையென்றால் சந்தேகப்படுங்கள். அப்படியே தசமமாக எடுத்தால் 50 மீட்டரில் 20 சென்டிமீட்டர் பிழை. பார்வைக்குத் தெரியாது, கல் நடும்போது தெரியும்.

தொடக்கப் புள்ளியிலும் ஒரு சிக்கல் உண்டு. இடத்தைக் கிழக்கு, வடக்கு என்ற இரண்டு எண்ணால் குறிக்கும் இலங்கைக் கட்டமைப்பின் (கிரிட்) ஆரம்பம் நுவரெலியாவுக்கு மேலே நிற்கிற பீதுருதாலகாலை மலை. 1999 கட்டமைப்பில் அதற்கு 500000, 500000. பழையதில் 200000, 200000. தலவாக்கலையில் இரண்டு எண்ணும் 500000-க்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். 200000 பக்கம் வந்தால் பழைய பிளானின் எண் கலந்திருக்கிறது. ஸூம் எக்ஸ்டெண்ட்ஸ் போட்டு முழுப் படத்தையும் திரைக்குள் கொண்டுவந்தால் காணி ஒரு பொட்டாகிவிடும்.

சேரின் மற்றக் கம்ப்யூட்டரில் பழைய எல்டி, அதாவது ஆட்டோகேட்டின் வசதி குறைந்த பதிப்பு. எல்டிக்கு ஆட்டோலிஸ்ப் வந்ததே 2024 பதிப்பில்தான், அதற்கு முந்தியதில் ஸ்கிரிப்ட் ஃபைல்தான் (கட்டளைகளை வரிவரியாக எழுதிய ஃபைல்) வழி. எக்செலில் நீளத்தையும் கோணத்தையும் ஒட்டி ஒரு வரிக்கு ஒரு புள்ளியாக எடுத்தேன். இங்கே யூனிட்ஸ் செட்டிங் வேலை செய்யும், 90-இலிருந்து கழிக்கத் தேவையில்லை. ஆனால் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி இருந்தாலும் அதை எண்டர் என்று எடுத்து லைன் பாதியில் முடிந்துவிடும். பாகைக்கு மேலே வட்டம் போடாமல் ஆங்கில டி எழுத்துப் போட வேண்டும்.

திருத்திய பிளானில் எல்லை மூடியது, எல்லாத் துண்டின் பரப்பும் பொருந்தியது. அதே கவுண்டரில் ஒரு கேள்வியும் இல்லாமல் சீல் விழுந்தது. வெளியே வந்து சேருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது குரல் தழுதழுத்துவிட்டது.

இப்போது அதே தோட்டத்தின் மேல் டிவிஷனின் (மேல் பிரிவின்) பழைய பிளான் கைக்கு வந்திருக்கிறது. நீளம் செயினும் லிங்கும் என்ற பழைய அளவுகளில். ஒரு லிங்க் 0.201168 மீட்டர், அந்தப் பெருக்கலை ஃபைலில் சேர்த்துவிட்டேன். கோணமும் தெற்கிலிருந்து கிழக்காக 55° 24' 40" என்ற பழைய முறையில் இருக்கிறது. 180-இலிருந்து கழித்தால் 124° 35' 20". தெற்கிலிருந்து மேற்கு என்றால் 180-உடன் கூட்ட வேண்டும், வடக்கிலிருந்து மேற்கு என்றால் 360-இலிருந்து கழிக்க வேண்டும். வடக்கிலிருந்து கிழக்கு என்றால் அப்படியே போடலாம்.