டப்பாவும் சீட்டும்: நாற்பது நாள் குறிப்பு

ஆறு மாதமாக எழுத உட்கார்ந்தாலே கை ஓடவில்லை. சரி, தினம் ஏதோ ஒரு சொல்லை எடுப்போம், அதை வைத்துப் பத்து நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதுவோம் என்று ஆரம்பித்தேன். இன்றோடு நாற்பது நாள்.

முதல் எட்டு நாளும் செல்போன் செயலி கொடுத்த சொற்கள்தான். நிலா, நம்பிக்கை, பயணம். நிலா என்றதும் கை தானாகத் தனிமைக்குப் போனது. நம்பிக்கை வந்த அன்று பக்கம் முழுக்க உபதேசம். மறுநாள் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த மாதிரிச் சொற்களோடு வாக்கியமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நாம் எழுத மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

ஒன்பதாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்தேன். விரல் பட்ட சொல் கையால் தொடக்கூடிய பொருளாகவோ உடம்பில் நடக்கும் விஷயமாகவோ இருந்தால் மட்டும் சீட்டில் எழுதினேன். கொக்கி, ஏணி, தும்மல், பலகை, கொட்டாவி என்று அறுபது சீட்டு ஒரு பழைய டப்பாவில் சேர்ந்தது. அப்படியும் முழுதாகத் தேறவில்லை. ஏணி வந்தால் சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்ததை எழுதினேன். அது ஞாபகம், கதையில்லை.

இரண்டு சீட்டாக எடுக்க ஆரம்பித்த பிறகுதான் சூடு பிடித்தது. சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் மோத வேண்டும் என்பது இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரோடாரி சொன்ன வழி. நாய், அலமாரி என்ற இரண்டை வைத்துக்கொண்டு, நடுவில் வரும் இணைப்புச் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார். தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு பார்த்துக்கொள்கிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளியில் ஒப்பித்தது இதற்கு உதவும் என்று அப்போது யார் நினைத்தார்கள்!

பதினேழாம் நாள் ஏணியும் தும்மலும் சேர்ந்து வந்தன. ‘ஏணிக்குத் தும்மல்’ குழந்தைக் கதைக்கு ஆகும். ‘தும்மலால் ஏணி’யில் ஒன்றும் தோன்றவில்லை. ‘ஏணியின் தும்மல்’ கவிதை மாதிரி பாசாங்கு செய்தது. ‘ஏணியில் தும்மல்’ என்று எழுதியதுமே ஆள் வந்துவிட்டான்: நள்ளிரவு, மாடி ஜன்னலுக்கு வெளியே ஏணியில் ஒரு திருடன். தும்மிவிடுகிறான். உள்ளே அரைத் தூக்கத்திலிருக்கும் கிழவர், மகன் என்று நினைத்து, “மாத்திரை போட்டியா?” என்கிறார். திருடன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “போட்டேன்” என்கிறான். பத்து நிமிட மணி அடித்தது காதில் விழவே இல்லை.

நம்மிடம் இது பழைய விளையாட்டுதான். ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடித்து முருகன் மேல் பாடச் சொன்னார்களாம் காளமேகத்தை. செரு புக்கு, அதாவது போரில் புகுந்து, என்று முதல் சொல்லைப் பிரித்தார். கடைசிச் சொல்லை ‘வண்டே, விளக்குமாறே’ என்று வண்டிடம் விளக்கம் கேட்பதாக மாற்றிவிட்டார். அந்தத் துணிச்சலில் நானும் பலகையைப் பல கை என்று பிரித்தேன். பல கை பட்டு மழுங்கிய ஒரு வகுப்பறைப் பெஞ்சு கிடைத்தது. சுமார்தான். ஆனால் சொல்லை உடைத்துப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது.

1960இல் பிரான்சில் தொடங்கிய ஊலிப்போ என்ற எழுத்தாளர் குழுவின் வித்தை ஒன்றையும் முயன்றேன். ஒரு பத்தியின் பெயர்ச்சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அகராதியில் அதற்குப் பின் ஏழாவதாக வரும் பெயர்ச்சொல்லைப் போட வேண்டும். தமிழ் அகராதியில் பெரும்பாலும் ஏழு தள்ளிப் போனாலும் அதே குடும்பம்தான். நடையிலிருந்து கிளம்பினால் நடைபாதை, நடைமுறை என்று அங்கேயே சுற்றுகிறது. மீறி வேறு சொல் வந்தால் வினைமுற்று முறைக்கிறது. ‘அம்மா திறந்தாள்’ என்பதில் அம்மா போய் அம்மி வந்தால் ‘திறந்தாள்’ என்ன ஆவது? இரண்டு நாளில் விட்டுவிட்டேன்.

ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்காத சீட்டு வந்தால் மடித்துத் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படித் தேடிப் பிடித்த ‘நல்ல’ சொற்களில் ஒன்றுகூட உருப்படவில்லை. இப்போது முதலில் வந்ததுதான், அது கொட்டாவியாக இருந்தாலும்.

நாற்பது நாளில் எழுதியது முப்பத்து மூன்று நாள். திரும்பப் படிக்கத் தேறுவது நான்கு. அதில் மூன்று, இரட்டைச் சீட்டில் வந்தவை. திருடன் கதை மட்டும் எட்டுப் பக்கம் வளர்ந்திருக்கிறது. கிழவர் குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டார். ஐந்து நாளாக அவன் ஏணியிலேயே நிற்கிறான்.