இரண்டு ஹெட்போன் ஜாக் உள்ள ஒரு பிளேயர்

அடுத்த தலைமுறை மியூசிக் பிளேயருக்குத் திரையே வேண்டாம் என்றுதான் கொஞ்ச நாள் முன்புவரை சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் பாட்டுக் கேட்க உட்கார்ந்து, நடுவில் ஒரு செய்தி வந்து, அதற்குப் பதில் எழுதி, அங்கிருந்து வேறெங்கோ போய், பாட்டு எப்போது முடிந்தது என்றே தெரியாமல் போன எத்தனையோ மாலைகளுக்குப் பிறகு வந்த கோபம் அது. பாட்டு மட்டும் பாடுகிற, வேறு எதுவும் தெரியாத ஒரு கருவி வேண்டும். அந்த ஆசை இன்னும் அப்படியே இருக்கிறது. திரை விஷயத்தில் மட்டும் மனம் மாறிவிட்டேன்.

2005-இல் வந்த ஆப்பிளின் முதல் ஐபாட் ஷஃபிள் பிளேயரில் திரை கிடையாது. அது அப்படியும் நன்றாக ஓடியதற்குக் காரணம், அதில் இருந்த இடமே 512 எம்பி அல்லது 1 ஜிபிதான். கொஞ்ச நேரம் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் தேடிய பாட்டு வந்துவிடும். அதற்கும் முன்னால், 1998-இல் வந்த டயமண்ட் ரியோ என்ற பிளேயரில் 32 எம்பிதான், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 என்றால் அரை மணி நேரப் பாட்டு. அதற்குள் தேடவே ஒன்றுமில்லை. இன்றைக்கு விரல் நகம் அளவுள்ள மெமரி கார்டில் 1 டிபி கிடைக்கிறது. சிடி தரம் கொஞ்சமும் குறையாமல் சுருக்குகிற ஃபிளாக் என்ற கோப்பு வடிவில் சேமித்தாலும் ஓர் ஆல்பம் சுமார் 300 எம்பிதான் வரும், ஆக மூவாயிரம் ஆல்பம் தாராளமாக அடங்கும். அந்தக் குவியலில் இருந்து ஒன்றை எடுக்க, கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். சரி, திரை இருக்கட்டும். ஆனால் வெயிலில் படிக்கிற மாதிரி, பின்னால் விளக்கு எரியாமலே தெரிகிற, சின்னத் திரை போதும். மின்நூல் கருவிகளில் வருகிற இ-இங்க் திரை போடலாமே என்று பலரும் கேட்பார்கள். பட்டியல் வேகமாக ஓடும்போது அது தடுமாறும் என்பதால், கைக்கடிகாரங்களில் வருகிற, ஒளியைத் திருப்பிக் காட்டும் எல்சிடி வகைதான் இதற்குச் சரி என்பது என் எண்ணம்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் பாட்டின் பெயரைப் போட்டு வைத்தால் பல பிளேயர்களில் வெறும் கட்டங்களாகத் தெரிகிறது, இல்லையென்றால் 'கொ' என்ற எழுத்தில் கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறை வந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இப்படி இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. புதிதாகச் செய்கிறவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே சரிசெய்துவிடுங்கள்.

அப்புறம், கை. நல்ல பிளேயருக்கான என் ஒரே பரீட்சை இதுதான்: பையில் இருக்கும்போதே, வெளியே எடுக்காமல், பார்க்காமல், அடுத்த பாட்டுக்குப் போக முடிய வேண்டும், சத்தத்தைக் குறைக்க முடிய வேண்டும், நிறுத்தவும் முடிய வேண்டும். தொடுதிரையால் இது முடியவே முடியாது. 2001-இல் வந்த முதல் ஐபாடில் நிஜமாகவே சுற்றுகிற ஒரு சக்கரம் இருந்தது, அடுத்த வருடமே அதைத் தொட்டால் வேலை செய்கிற தட்டாக மாற்றினார்கள். சுற்றுகிற பாகம் கெட்டுப்போகும் என்பது உண்மைதான். ஆனாலும் பல்லுப் பல்லாக விரலுக்குத் தெரிகிற ஒரு சக்கரம் திரும்ப வர வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் எத்தனை படி நகர்ந்தோம் என்பதை விரலே எண்ணிக்கொள்ளும். இது பார்வையற்றவர்களுக்கும் பெரிய விஷயம். ராக்பாக்ஸ் என்ற திறமூல மென்பொருளைப் பழைய பிளேயர்களில் ஏற்றினால் மெனுவைக் குரலில் படித்துச் சொல்லும். தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்த வசதி அது, ஒவ்வொரு பிளேயரும் கடையிலிருந்து வரும்போதே அதோடு வர வேண்டும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். 1979-இல் சோனி விட்ட முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் ஜாக் இருந்தன. ஒரே கேசட்டை இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம். அதோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன், அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் தாழ்ந்து, உள்ளே இருக்கிற மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். தனியாகக் கேட்பதற்கென்று உலகத்துக்கே பழக்கிய கருவி, பிறக்கும்போது இரண்டு பேருக்காகப் பிறந்தது! பின்னால் வந்த மாடல்களில் அந்த இரண்டாவது ஜாக் காணாமல் போனது. அதற்கப்புறம் ஒரு இயர்போனின் இடது பக்கம் ஒருவருக்கும் வலது பக்கம் இன்னொருவருக்குமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டோம், ஸ்டீரியோவில் ஆளுக்குப் பாதி பாட்டுதான் கிடைத்தது.

இப்போது அதைத் திரும்பக் கொண்டுவரும் தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. புளூடூத்தில் எல்ஈ ஆடியோ என்ற புதிய முறை வந்திருக்கிறது, அதில் ஆராகாஸ்ட் என்று ஒரு வசதி. ஒரு கருவி ஒலிபரப்பினால் பக்கத்தில் இருக்கும் எத்தனை ஹெட்போன்கள் வேண்டுமானாலும் அதைப் பிடித்துக்கொள்ளலாம், வானொலி மாதிரி. பெரும்பாலும் இதை விமான நிலைய அறிவிப்புக்கும் காது கேட்கும் கருவிகளுக்கும் என்றுதான் பேசுகிறார்கள், அவையும் வேண்டியவைதான். ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது வேறு. ஒரு நீண்ட பயணம், நான்கு பேர், ஒரு பிளேயர். நான்கு பேர் காதிலும் அதே நொடியில் அதே பாட்டு, பக்கத்தில் தூங்குகிறவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அந்த ஆரஞ்சு பட்டனுக்குச் சமமான ஒன்றை அழுத்தினால் நால்வரும் பேசிக்கொள்ளலாம். இதற்கு இணையமோ கணக்கோ கடவுச்சொல்லோ தேவையில்லை. இதை ஒழுங்காகச் செய்கிற பிளேயர் வந்தால் முதல் நாளே வாங்குவேன்.

கம்பியை எடுத்துவிடலாமா என்றால், கூடாது. சிடி ஒலி சுருக்காமல் நொடிக்கு 1411 கிலோபிட். புளூடூத்தில் உயர்ந்த தரம் என்று சொல்லப்படும் எல்டாக் என்ற சுருக்க முறை கூட அதிகபட்சம் 990தான். எனக்கு வித்தியாசம் எப்போதும் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பிக்குச் சார்ஜ் போட வேண்டாம், இணைக்க வேண்டாம், குத்தினால் பாடும். அந்த 3.5 மிமீ ஜாக் இருக்கட்டும், இரண்டாகவே இருக்கட்டும்.

பேட்டரியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரியோவில் ஒரு ஏஏ பேட்டரி போட்டார்கள், தீர்ந்தால் அடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம் வருகிறது. விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் நல்ல செய்தி.

இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் கோப்புகள். ஒரு காலத்தில் ஓர் இணையக் கடையில் காசு கொடுத்து நிறையப் பாட்டுகள் வாங்கினேன். எல்லாம் பூட்டுப் போட்டவை, கடையின் சர்வரிடம் அனுமதி கேட்டுத்தான் திறக்கும். கடையை மூடினார்கள். அடுத்து நான் கணினியை மாற்றியபோது அனுமதி கேட்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. கோப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, பெயர்களைப் படிக்கலாம், கேட்கத்தான் முடியாது. அதனால் அடுத்த பிளேயர் எதுவானாலும் அதில் கார்டைச் செருகினால், வேறு யாரையும் கேட்காமல் என் பாட்டு ஓட வேண்டும். எம்பி3-இன் காப்புரிமைகளும் 2017-உடன் தீர்ந்துவிட்டன, ஃபிளாக் தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் பொது, யாரும் எதையும் பூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

செயற்கை நுண்ணறிவு வேண்டாமா? ஒன்றே ஒன்று கேட்பேன். பல்லவி மறந்துபோய் மெட்டு மட்டும் நினைவிருக்கும்போது, அதை முணுமுணுத்தால் என் கார்டில் இருக்கிற பாட்டுகளிலிருந்து கண்டுபிடித்துத் தர வேண்டும், என் குரல் கருவியை விட்டு வெளியே போகக் கூடாது. எனக்கு என்ன பிடிக்கும் என்று அது ஊகிக்க வேண்டாம்.

இதெல்லாம் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. பழைய ஐபாட் கிளாசிக் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மெமரி கார்டு அடாப்டரைப் பொருத்தியாகிவிட்டது, புது பேட்டரியும் உள்ளே உட்கார்ந்துவிட்டது. மூடியின் ஒரு மூலை மட்டும் சரியாகப் படியவில்லை, அதை நாளைக்குப் பார்க்க வேண்டும். ஜாக்கில் செருக இரண்டாகப் பிரிகிற ஒரு சின்ன வயரும் வாங்கி வைத்திருக்கிறேன்.